ருஸ்கா சமயத்தில் ஹெத்தா–பல்லாஸ் நடை: குடிலை மட்டும் நம்பிப் போகலாமா?

ஏரிக்கரை

வணக்கம் நண்பர்களே. நாங்கள் எஸ்போவில் இருக்கிறோம். ஃபின்லாந்து வந்ததிலிருந்தே வடக்கே லாப்லாந்தின் இலையுதிர் காலத்தை, இங்கே ருஸ்கா என்கிறார்களே அதை, நடந்துபோய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை. இந்த செப்டம்பர் இரண்டாவது வாரம் நான்கு பேர் சேர்ந்து ஹெத்தா என்ற ஊரிலிருந்து பல்லாஸ் மலை வரை 55 கிலோமீட்டர் நடக்கலாம் என்று இருக்கிறோம். வழியில் இலவசக் குடில்கள் இருக்கின்றன, பூட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் தங்கலாம் என்கிறார்கள். அப்படியென்றால் டென்ட் எதற்கு, வீண் பாரம் என்பது எங்கள் குழுவில் இருவருடைய கருத்து. எனக்கு மனசு ஒப்பவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள். சாப்பாடு, துணி விஷயமும் தெரிந்தால் உதவியாக இருக்கும்.

வடக்குவாசி

டென்ட் கட்டாயம் எடுத்துப் போங்கள். நான்கு பேருக்கு இரண்டு சின்ன டென்ட் என்றால் ஆளுக்கு ஒன்றேகால், ஒன்றரை கிலோதான் கூடும். அதைத் தூக்க முடியாத அளவுக்குப் பை கனத்தால் வேறு எதையோ அதிகமாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

காரணம் சொல்கிறேன். இங்கே குடில் இரண்டு வகை. ஒன்று அவுதியோதுபா, அதாவது திறந்த குடில். பூட்டு இல்லை, காசு இல்லை, முன்பதிவும் இல்லை. இன்னொன்று வராவுஸ்துபா, பணம் கட்டிப் பதிவு செய்து சாவி வாங்கிப் போவது. பெரும்பாலானவற்றை அரசின் மெட்சாஹல்லிதுஸ் அமைப்புதான் பராமரிக்கிறது. திறந்த குடிலில் ஒரு விதி உண்டு: கடைசியாக வந்தவருக்குத்தான் முதல் உரிமை. நீங்கள் மதியம் மூன்று மணிக்கே போய்ப் பலகையில் படுக்கையை விரித்துவிட்டாலும், இரவு பத்து மணிக்கு நனைந்துகொண்டு ஒருவர் வந்து நின்றால் அவருக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும். நெருக்கி உட்கார்ந்தும் இடம் போதவில்லை என்றால் முதலில் வந்தவர்தான் எழுந்து வெளியே போக வேண்டும். உங்கள் நண்பர்கள் டென்ட் இல்லாமல் வந்து, அப்படி ஒரு இரவு அமைந்தால் எங்கே போவார்கள்?

அதுவும் செப்டம்பர் இரண்டாவது வாரம் என்றால் வருடத்திலேயே அந்தப் பாதையில் கூட்டம் கூடுதலாக இருக்கிற நாட்கள். இது ஃபின்லாந்தில் முதன்முதலாகக் குறியிட்டு அமைத்த நடைபாதை என்று பெயர் பெற்றது, 1930களிலிருந்தே இருக்கிறது. அந்தப் பாதை போகிற தேசியப் பூங்கா வந்தது 1938இல். நாடு முழுக்க இருந்து ஆட்கள் வருவார்கள்.

சுள்ளி

வடக்குவாசி சொல்வதோடு பாதி ஒத்துப்போகிறேன். டென்ட் வேண்டும், சரி. ஆனால் அந்த விதி எனக்கு நியாயமாகப் படவில்லை, இதை வெளிப்படையாகவே சொல்கிறேன். ஒருவர் நேரத்தோடு எழுந்து, ஒழுங்காகத் திட்டமிட்டு, இருபது கிலோமீட்டர் நடந்து வந்து அடுப்பு மூட்டி, தண்ணீர் கொண்டுவந்து வைத்திருக்கிறார். மெதுவாகக் கிளம்பி வழியெல்லாம் படம் எடுத்துக்கொண்டே ராத்திரி வருகிறவருக்காக அவர் எழுந்து போக வேண்டுமா? பொறுப்பாக இருந்தவருக்குத் தண்டனை மாதிரி இருக்கிறது. முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்பதுதானே உலகத்தில் எல்லா இடத்திலும் வழக்கம்?

காட்டுப்புறா

சுள்ளி, அந்த வழக்கம் ரேஷன் கடை வரிசைக்குச் சரி, அறுபத்தெட்டாவது அட்சரேகைக்குச் சரிப்படாது. யோசித்துப் பாருங்கள். முதலில் வந்தவர் ஏற்கெனவே உலர்ந்துவிட்டார், சூடாகச் சாப்பிட்டுவிட்டார், கால் நீட்டி ஓய்வும் எடுத்துவிட்டார். அவரிடம் தெம்பு இருக்கிறது, வெளியே போய் டென்ட் அடித்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. கடைசியாக வந்தவர் ஏன் தாமதமானார் என்பது நமக்குத் தெரியாது. கால் பிசகியிருக்கலாம், பனிமூட்டத்தில் வழி தவறியிருக்கலாம், ஓடையில் விழுந்து எழுந்து வந்திருக்கலாம். குடில் முதலில் யாருக்கு வேண்டும் என்றால் அவருக்குத்தான். இவர் உண்மையிலேயே களைத்துவிட்டாரா, சோம்பலால் தாமதித்தாரா என்று நடுராத்திரி வாசலில் நிறுத்தி விசாரிக்க முடியாது என்பதால்தான் விதியில் விலக்கே வைக்கவில்லை.

நான் ஹன்னுகுரு குடிலில் பார்த்ததைச் சொல்கிறேன். நல்ல மழை. உள்ளே இடம் நிரம்பி, அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் எல்லாருடைய காலுறையும் வரிசையாகத் தொங்குகிறது. இருட்டிய பிறகு இரண்டு பையன்கள் வந்தார்கள், தோளிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா, யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே எழுந்தார். தன்னுடைய காலுறைகளைக் கம்பியின் ஓரத்துக்குத் தள்ளி அவர்களுடையதுக்கு இடம் விட்டார். பலகையில் தன் படுக்கை விரிப்பைச் சுவரோடு நகர்த்தினார். பாத்திரத்தில் மீதியிருந்த வெந்நீரை ஊற்றிக் கொடுத்தார். அவர் நகர்ந்ததைப் பார்த்து நாங்கள் எல்லாரும் நகர்ந்தோம். யாருமே வெளியே போக வேண்டி வரவில்லை. பெரும்பாலும் அப்படித்தான் முடியும், பத்துப் பேர் குடிலில் பதினைந்து பேர் படுப்பார்கள்.

சுள்ளி

அந்தக் காரணம் புரிகிறது, ஏற்றுக்கொள்கிறேன். விசாரிக்க முடியாது என்கிற இடம்தான் முக்கியம், அதை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் எட்டுப் பத்துப் பேராகக் குழு சேர்ந்து வந்து முழுக் குடிலையும் நிரப்பிக்கொள்கிறார்களே, அதற்கு என்ன செய்வது? போன வருடம் அப்படி ஒரு கூட்டம். சட்டப்படி எல்லாம் சரி, ஆனால் மற்றவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

காட்டுப்புறா

வணிகமாக ஆட்களை அழைத்து வருகிற குழுக்கள் திறந்த குடிலில் இரவு தங்கவே கூடாது. சொந்தமாக வருகிற பெரிய குழு முன்பதிவுக் குடில் எடுப்பதுதான் மரியாதை, இல்லையென்றால் டென்ட். ஒன்றிரண்டு இரவுக்கு மேல் ஒரே குடிலில் தங்குவதும் கூடாது. ஏரிக்கரை, நீங்கள் நான்கு பேர் என்பது ஓரளவு பரவாயில்லாத எண்ணிக்கை. ஆனாலும் ஒருநாளாவது முன்பதிவுக் குடில் எடுத்துவிடுங்கள். ஹன்னுகுருவில் இரண்டு வகையும் உண்டு, ஏரி ஓரத்தில் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையும் உண்டு. நடையின் நடுப்பகுதி அது, துணி உலர்த்த, உடம்பைத் தேற்றிக்கொள்ள சரியான இடம். ருஸ்கா வாரத்துக்கு வெகுநாள் முன்பே பதிவு முடிந்துவிடும்.

அங்கே இடமில்லாவிட்டால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி பாஹகுருவில் ஒரு சின்னத் திறந்த குடில் இருக்கிறது. டென்ட் போடுவதென்றால் தேசியப் பூங்காவுக்கென்று தனி விதிகள் உண்டு, கண்ட இடத்தில் அடிக்க முடியாது. இந்தப் பாதையில் குடில், நெருப்பிடம் இவற்றுக்குப் பக்கத்தில்தான் போட வேண்டும்.

மழைக்கோட்டு

துணி, காலணி பற்றி நான் சொல்கிறேன்.

பருத்தி வேண்டவே வேண்டாம். உள்ளாடை முதல் காலுறை வரை கம்பளி. நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வருகிற நம் ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, நனைந்த ஜீன்ஸோடு மரமே இல்லாத மலைமுதுகில் காற்றில் நிற்பது விளையாட்டில்லை. அந்த மலைகள் உயரம் என்று பெரிதாகக் கிடையாது, பல்லாஸின் உச்சி தைவாஸ்கேரோவே எண்ணூறு மீட்டர் சொச்சம்தான், நம் ஏற்காட்டை விடக் குறைவு. அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த அட்சரேகையில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போனதுமே மரங்கள் நின்றுவிடும், மேலே காற்றுக்குத் தடுப்பே கிடையாது. செப்டம்பரில் காலை வெயில், மதியம் மழை, ராத்திரி உறைபனி எல்லாம் ஒரே நாளில் வரும். பனி விழுந்தாலும் ஆச்சரியமில்லை. குறைந்தது மைனஸ் ஐந்துக்குத் தாங்குகிற ஸ்லீப்பிங் பேக் வேண்டும்.

அப்புறம் பலகைப் பாதை. சதுப்பில் நீள நீளமாக இரண்டு பலகை போட்டிருப்பார்கள். மழையில் வழுக்கும், காலையில் அதன்மேல் மெல்லிய உறைபனி பூத்திருக்கும்போது இன்னும் மோசம். பார்க்க வெறும் ஈரம் மாதிரிதான் இருக்கும். காலை வைத்துப் பார்த்து, கைத்தடி ஊன்றி, மெதுவாகப் போங்கள்.

கொசு பற்றிக் கவலை வேண்டாம். ஜூலையில் பிய்த்துத் தின்னும், செப்டம்பரில் அநேகமாக இருக்காது. இந்த மாதத்தை நான் விரும்புவதற்கு நிறத்துக்கு அடுத்த காரணம் இதுதான்.

தாழ்வாரம்

நிறம் எப்போது உச்சத்தில் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே. நாங்கள் போனபோது பிர்ச் மரத்து இலை எல்லாம் உதிர்ந்து போயிருந்தது, வீட்டுக்காரர் பெருத்த ஏமாற்றத்தோடு திரும்பினார்.

வடக்குவாசி

வடக்கு லாப்லாந்தில் செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்கி இரண்டு வாரம் போல நிற்கும், ஆனால் வருடத்துக்கு வருடம் முன்பின் ஆகும். பகல் குறுகி இரவு குளிர்ந்ததும் இலை தன்னிடமுள்ள பச்சையத்தை உடைத்து, சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிர்ச்சில் அடியில் மறைந்திருந்த மஞ்சள் அப்போது வெளியே தெரியும். சிவப்பு வேறு கதை, அது முன்பே இருந்ததல்ல, அந்த நாட்களில் புதிதாக உண்டாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் சேர்ந்தால் சிவப்பு தூக்கலாக வரும். அங்கே பகல் தினமும் ஏழெட்டு நிமிடம் குறைந்துகொண்டே போகும், ஒரே வாரத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போய்விடும். அன்றைய நடையைத் திட்டமிடும்போது இதையும் கணக்கில் எடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், மரத்தில் இலை போனால் ருஸ்கா முடிந்துவிட்டது என்று இல்லை. ஒரு ராத்திரிக் காற்றில் பிர்ச் மொட்டையாகிவிடும், உண்மைதான். ஆனால் தரையில் இருப்பதைக் காற்று அவ்வளவு சீக்கிரம் கொண்டு போகாது. முழங்காலுக்குக் கீழே நிற்கிற குட்டை பிர்ச் செம்பு நிறமாகவும், பில்பெர்ரிச் செடி கருஞ்சிவப்பாகவும், நடுவில் கல்லின்மேல் வெளிர்ப்பச்சைப் பாசியுமாக மலைச்சரிவு முழுக்க விரிந்து கிடக்கும். எனக்கு மரத்தின் மஞ்சளை விட இதுதான் பிடிக்கும். குனிந்து பார்த்தால் ஒரே செடியில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு மூன்று இலையும் இருக்கும், அடியில் லிங்கன்பெர்ரி பழுத்துக் கிடக்கும். பெர்ரியும் காளானும் யார் வேண்டுமானாலும் பறிக்கலாம், இந்த நாட்டில் அது எல்லாருக்கும் உள்ள உரிமை. நன்றாகத் தெரிந்த காளானை மட்டும் தொடுங்கள்.

பனிச்சறுக்கு

நான் நார்வேயில், துரோம்ஸோவில் இருக்கிறன். எங்கட பக்கத்து முறை கொஞ்சம் வேறு. இங்கே 1868இல் தொடங்கின டிஎன்டி என்கிற நடைச் சங்கத்திட்ட நாடு முழுக்க ஐந்நூறுக்கு மேலே குடில்கள் இருக்கு. பெரும்பாலும் ஆள் இல்லாத குடில்கள், பூட்டித்தான் இருக்கும். அங்கத்தவர் என்றால் ஒரே மாதிரியான திறப்பு, அதாவது சாவி, ஒன்று வைப்புப் பணம் கட்டி வாங்கலாம், அது அநேகமான கதவுக்குப் பொருந்தும். தங்கினதுக்குக் காசை நாங்களே பிறகு கட்ட வேணும், நின்று வாங்க ஆள் கிடையாது. சில குடில்களில் மா, டின் உணவு எல்லாம் வைத்திருப்பினம், எடுத்ததை எழுதிக் காசு கட்ட வேணும். வடக்கில் சாப்பாடு இல்லாத குடில்தான் அதிகம். மெத்தை, போர்வை இருக்கும், அதனால் பை பாரம் குறைவு. சின்னப் பிள்ளைகளோட போகிற ஆட்களுக்கு இது சுகம். ஃபின்லாந்து போய் வந்த பிறகு எனக்கு விளங்கினது, அங்கே காசே இல்லாமல் கதவைத் திறந்து வைத்திருக்கிறதால், உள்ளே வருகிறவன் எப்படி நடக்கிறான் என்பதில்தான் எல்லாமே தங்கி நிக்குது.

காட்டுப்புறா

சரியாகச் சொன்னீர்கள். ஏரிக்கரை, அதனால் குடிலில் செய்ய வேண்டியதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதைத்தான் நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

போனதும் விறகுக் கொட்டகையைப் பாருங்கள். பெரிய கட்டைகளும் ரம்பமும் கோடாலியும் இருக்கும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் வெட்டி எடுங்கள், விறகை அங்கே கொண்டுவந்து சேர்க்க எவ்வளவு பாடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிர்ச் விறகின் வெள்ளைப் பட்டையை உரித்துப் பற்றவைத்தால் ஈரத்திலும் எரியும், அதில் எண்ணெய்ப் பசை உண்டு. நிற்கிற மரத்திலிருந்து பட்டை உரிப்பது மட்டும் கூடவே கூடாது. முதலில் பட்டை, மேலே கத்தியால் சீவிய மெல்லிய சிராய், அதன்மேல் விரல் மொத்தத்துச் சுள்ளி, அப்புறம்தான் கட்டை.

புகைபோக்கியில் ஒரு இரும்புத் தகடு இருக்கும், இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். பற்றவைக்கும் முன் அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். படுக்கப் போகும்போது சூடு வெளியே போகிறதே என்று அதை மூடத் தோன்றும். கங்கு சிவப்பாக இருக்கிற வரை மூடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். நீல நிறத்தில் ஒரு சின்ன ஜுவாலை இருந்தாலும் மூடக் கூடாது. கங்கைக் கிளறிப் பார்த்து முழுக்க கறுத்த பிறகுதான். சந்தேகம் இருந்தால் திறந்தே விடுங்கள், காலையில் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான்.

கிளம்பும் முன் தரையைப் பெருக்கி, அடுத்தவருக்கு ஒரு முறை பற்றவைக்கிற அளவு சுள்ளியும் சிராயும் வெட்டி அடுப்புப் பக்கத்தில் உலர்வாக வையுங்கள். இதுதான் அங்கே நன்றி சொல்கிற வழி. குப்பை முழுவதையும் திரும்ப எடுத்து வர வேண்டும், தீயில் பிளாஸ்டிக் போடாதீர்கள். விருந்தினர் நோட்டில் பெயர், எங்கிருந்து வந்தீர்கள், எங்கே போகிறீர்கள், தேதி எழுதுங்கள். படிக்க நன்றாக இருக்கும் என்பதற்காக மட்டும் இல்லை, யாராவது காணாமல் போனால் கடைசியாக எந்தக் குடிலில் இருந்தார் என்று தேடுபவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.

ஏரிக்கரை

மிகவும் நன்றி. நோட்டு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. டென்ட் எடுப்பது என்று முடிவாகிவிட்டது, இந்த இழையை நண்பர்களுக்கு அனுப்பினேன், எதிர்ப்பு நின்றுவிட்டது. சாப்பாடு? கேஸ் அடுப்பு ஒன்று வைத்திருக்கிறோம். போகிற வழி பற்றியும் சொல்லுங்கள், விமானமா ரயிலா?

மழைக்கோட்டு

அவல் எடுத்துப் போங்கள். வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் போதும், அதில் புளிக்காய்ச்சல் ஒரு கரண்டி. புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரியக் கொதித்திருந்தால் அந்தக் குளிரில் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். பருப்புப் பொடி, நெய், வறுத்த வேர்க்கடலை. நாள் முழுக்கக் குளிரில் நடந்தால் வழக்கத்தை விட நிறையப் பசிக்கும், கொழுப்பைக் குறைக்காதீர்கள். குடிலுக்குள் தாளிக்க வேண்டாம், கடுகு வெடிக்கிற புகையில் பத்துப் பேர் இருமுவார்கள். குடிக்கத் தண்ணீர் ஓடையிலேயே கிடைக்கும், தேங்காத ஓட்டத் தண்ணீராகப் பார்த்து எடுங்கள்.

கேஸ் குப்பியை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது. போய்ச் சேர்ந்த இடத்தில் வாங்க வேண்டியதுதான். வாங்கும்போது வெறும் பியூட்டேன் வாங்காதீர்கள். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் அது ஆவியாகவே ஆகாது, உறைபனிக் காலையில் டீ கிடைக்காது. புரொப்பேன் கலந்த குளிர்காலக் குப்பி வேண்டும்.

வடக்குவாசி

ரயிலே நல்லது என்பேன். ஹெல்சிங்கியில் மாலை ஏறினால் படுத்துத் தூங்கி மறுநாள் காலை கொலாரியில் இறங்கலாம். அங்கிருந்து பேருந்தில் ஹெத்தா. பேருந்து அடிக்கடி கிடையாது, ரயில் நேரத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள். ஹெத்தாவில் ஊனஸ்யார்வி ஏரியைப் படகில் கடந்துதான் பாதை தொடங்கும், படகுக்காரரிடம் முன்பே பேசி வையுங்கள்.

காரில் போவதாக முடிவு மாறினால் ரெயின்டீர் மான்களைக் கவனியுங்கள். காட்டில் திரிந்தாலும் ஒவ்வொன்றும் ஒருவருக்குச் சொந்தமானது, ரோட்டில் நடுவே நின்றுகொண்டு நகராது. மோதிவிட்டால் 112 என்கிற அவசர எண்ணுக்குச் சொல்ல வேண்டும், சொல்லாமல் போவது ஒருவருடைய பிழைப்பை அடித்துவிட்டு ஓடுவது. நடக்கும்போது கூட்டத்தைப் பார்த்தால் நின்றுவிடுங்கள், படத்துக்காகத் துரத்த வேண்டாம். செப்டம்பர் கடைசியில் கிடா இணை சேர்கிற காலம் தொடங்கும், அப்போது இன்னும் தள்ளி நிற்பது நல்லது.

போனில் 112 சுஓமி செயலியை இறக்கி வையுங்கள், அதிலிருந்து அழைத்தால் நீங்கள் இருக்கிற இடம் அவர்களுக்குத் தானாகப் போய்விடும். ஆனால் பள்ளங்களில் சிக்னல் இருக்காது, குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும். காகித வரைபடமும் திசைகாட்டியும் ஒருவரிடமாவது இருக்க வேண்டும்.

தாழ்வாரம்

ஐந்து வயதுக் குழந்தையோடு இதைச் செய்ய முடியுமா? குழந்தையை விட்டுவிட்டுப் போக எங்களுக்கு வழியில்லை.

காட்டுப்புறா

55 கிலோமீட்டர் வேண்டாம். ஆக்காஸ்லொம்போலோ என்கிற ஊர்ப் பக்கத்தில் ஒரு வாடகைக் குடிலை வாரத்துக்கு எடுத்துக்கொண்டு பகலில் சின்னச் சின்ன நடையாகப் போங்கள். அதுவும் அதே தேசியப் பூங்காதான், 2005இல் பல்லாஸோடு இல்லாஸ் பகுதியையும் சேர்த்துவிட்டார்கள். வர்காங்குரு பலகைப் பாதை குழந்தை நடக்கிற தூரம். நிறம் அங்கே ஒன்றும் குறைவில்லை. கொஞ்சம் வளர்ந்ததும் தெற்கே ஔலங்கா தேசியப் பூங்காவில் சின்னக் கரடிப் பாதை, 12 கிலோமீட்டர், தொங்குபாலங்கள் உண்டு, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

சுள்ளி

ஏரிக்கரை, நாங்களும் அதே வாரம் பல்லாஸ் பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் நடக்கிறோம், மூன்று பேர். ஹன்னுகுரு பக்கம் சந்திக்கலாம். எங்களிடம் டென்ட் இருக்கிறது, தாமதமாக வந்தால் தயங்காமல் உள்ளே வாருங்கள், நாங்கள் வெளியே போகிறோம். எந்தத் தேதி கிளம்புகிறீர்கள்?

ஏரிக்கரை

மிக்க மகிழ்ச்சி. ஹன்னுகுரு முன்பதிவுக் குடிலை இப்போதுதான் பார்த்தேன், எங்கள் நாட்களில் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. திறந்த குடில் அல்லது டென்ட்தான். ரயில் டிக்கெட் கிடைத்ததும் தேதியை இங்கேயே போடுகிறேன். உங்களுக்கும் சேர்த்துப் புளிக்காய்ச்சல் எடுத்து வருகிறோம்.